மூன்று விரல் அரிப்பு, நான்கு வருடத் தேடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் தீராத அரிப்பு பற்றி ஒரு கேள்வி பதில் வந்திருந்தது. கேட்டவர் ஒரு பெண். விரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தார். மாய்ஸ்சரைசர் தடவுங்கள், சோப்பை மாற்றுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று பதில் இருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் நான் நான்கு வருடம் கஷ்டப்பட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் பெரியகுளம் பக்கத்துக்காரி. பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போன வடுகபட்டி எங்களுக்குக் கூப்பிடு தூரம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது, ஏனென்றால் வாங்குவது, ஆய்வது, தரம் பிரிப்பது, மூட்டை கட்டுவது என்று இங்கே நிறையக் குடும்பங்களுக்குப் பூண்டுதான் சோறு போடுகிறது. நாங்கள் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். எலுமிச்சை, நார்த்தங்காய், மாவடு எல்லாம் உண்டு, ஆனால் கேட்டு வாங்குவது பூண்டு ஊறுகாயைத்தான். ஒரு நாளைக்கு 5 கிலோ, ஆர்டர் இருந்தால் 8 கிலோ வரை நானே உட்கார்ந்து உரிப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வேலை.

முதலில் விரல் நுனி மழமழவென்று ஆகி, ரேகை தேய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் தோல் காய்ந்து தடித்து, வெங்காயச் சருகு போல ஓரத்திலிருந்து உரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் வெடிப்பு. நகத்துக்குக் கீழே சதையில் பிளேடால் கீறினது போல ஒரு கோடு விழும், அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் உயிர் போய் உயிர் வரும். அரிப்பு பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது, ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும். தூக்கத்திலேயே பாய் விளிம்பில் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்ட முடியாமல் ஸ்பூனால் ஊட்டியபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது வலது கையில், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றில் மட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் நன்றாக இருந்தன. இடது கை முழுக்க நன்றாக இருந்தது. இது நான்கு வருடமும் என் கண் முன்னால்தான் இருந்தது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரத்தில் வலது கட்டைவிரல் ஏற்காது, ஆள்காட்டி விரல் ஏற்காது, ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் ஏற்காது, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள். கடைசியில் இடது கை விரலை வைத்தால் டக்கென்று ஏற்றுக்கொள்ளும். மாதா மாதம் இதே கதைதான், ஆனாலும் ஏன் ஒரு கைக்கு மட்டும் வருகிறது என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை.

யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று எழுதினால் பக்கம் போதாது. பாத்திரம் விளக்கும் சோப்புதான் காரணம் என்றார்கள், மூன்று சோப்பு மாற்றினேன். உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோருமாகக் குடித்தேன். இது கரப்பான், கரப்பான் பண்டம் சேர்க்காதே என்று சொன்னதால் கத்தரிக்காய், கருவாடு, சோளம் எல்லாவற்றையும் ஒன்றரை வருடம் தொடவில்லை. ஒரு தடவை சொந்தத்தில் கல்யாணத்துக்குத் திருச்சி போய் பத்து நாள் தங்கிவிட்டு வந்தபோது விரல் பாதி ஆறியிருந்தது. உடனே எல்லோருமாக முடிவு கட்டிவிட்டோம், நம் ஊர் போர்த் தண்ணீர்தான் காரணம் என்று. கடன் வாங்கி உப்பு நீக்கும் இயந்திரம் மாட்டினோம். ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பத்து நாளும் நான் பூண்டைத் தொடவே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பூண்டாக இருக்குமோ என்று என் மாமியார் ஒரு தடவை கேட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். உடனே மெடிக்கலில் மெல்லிய ரப்பர் கையுறை ஒரு டப்பா வாங்கி, இரண்டு மாதம் கையுறை போட்டே உரித்தேன். கொஞ்சமும் குறையவில்லை. சரி, அப்போ பூண்டு இல்லை என்று அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். எல்லாவற்றையும்விட எங்களை அதிகம் ஏமாற்றியது இதுதான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நடுவில் ஒரு லேபில் அலர்ஜி ரத்தப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்தோம். ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமைப் புரதத்தைப் பார்க்கிற பரிசோதனை. நீளமாக ஒரு பட்டியல் வந்தது. இறால், நிலக்கடலை, தூசி, கரப்பான்பூச்சி என்று நாலைந்து இடத்தில் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு நிலக்கடலையையும் நிறுத்தினேன். கையால் தொட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற ஒவ்வாமை வேறு வகை, அது இந்த ரத்தப் பரிசோதனையில் தெரியவே தெரியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பட்டியலில் சிவப்பு விழுந்தாலே அது நமக்கு ஒத்துக்காது என்று அர்த்தம் இல்லை, சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கும் அப்படி வரும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

அப்புறம் களிம்பு. மெடிக்கலில் விரலைக் காட்டினால் ஒரு டியூப் எடுத்துக் கொடுப்பார்கள். தடவிய மூன்றாம் நாள் அரிப்பு போன இடம் தெரியாது. நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வரும், முன்பைவிட எரிச்சலோடு. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அதோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, எல்லாம் ஒரே டியூபில். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். விரல் தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோனது. அதே டியூபை என் மகன் தொடையில் வந்த படர்தாமரைக்கும் தடவினோம். ஒரு ரூபாய் அளவில் இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவியது, அதைக் குணப்படுத்த மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடுகிறது, பூஞ்சை உள்ளே சுகமாக வளர்கிறது. 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும் பல்பொடி வாங்குகிற மாதிரி வாங்கலாம். கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்லவில்லை, நாமும்தான் போய் "அந்த நல்ல டியூப் குடுங்கண்ணே" என்று கேட்கிறோம். ஆனால் சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பூண்டைத் தட்டி வைத்துக் கட்டினால் எப்பேர்ப்பட்ட அரிப்பும் போகும் என்று சொல்லி, அதையும் ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் விரல் முழுக்கக் கொப்புளம், தீக்காயம் மாதிரி. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் தோல் வெந்துபோகும், ஒவ்வாமை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், குழந்தைகளுக்குச் செய்யவே செய்யாதீர்கள்.

கடைசியில் என் தம்பி மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனான். வயதான அம்மா. என் விரலைப் பார்த்தார், இடது கையையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பாதத்தைக்கூடப் பார்த்தார். மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் இந்தக் கை என்னென்ன தொடுதுன்னு வரிசையா சொல்லும்மா" என்றார். இருபது நிமிஷம் சொன்னேன். கோலமாவு, சாணி, பாத்திரம், பூண்டு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், துணி சோப்பு என்று எதையும் விடவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மேசை மேலிருந்த பேனா மூடியை என்னிடம் கொடுத்து, "இதைப் பூண்டுன்னு நெனச்சுக்க, எப்படி உரிப்பேன்னு காட்டு" என்றார்.

எனக்கு இடது கைப் பழக்கம். கத்தியை இடது கையில் பிடித்தேன். பேனா மூடியை வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்தேன். பிடித்ததும் எனக்கே புரிந்துவிட்டது. டாக்டர் எதுவும் சொல்லவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். உரிக்கும்போது பூண்டுச் சாறு பூண்டைப் பிடித்திருக்கிற விரலில்தான் இறங்கும். வலது கைக்காரர்களுக்கு இது இடது கை மூன்று விரலில் வரும், சமையல்காரர்களிடம் அடிக்கடி பார்ப்பது, எனக்குக் கை மாறி வந்திருக்கிறது என்றார்.

ஆனாலும் அவர் அதோடு முடிவு கட்டவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் கிடக்கிற கைக்கு ஒவ்வாமை இல்லாமலே வெறும் எரிச்சலால் இப்படி ஆகலாம், உண்மையில் அதுதான் அதிகம், அதனால் பேட்ச் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். முதுகில் ஒட்டுகிற பரிசோதனை. யாடசோன் என்ற தோல் மருத்துவர் 1895இலேயே செய்து காட்டிய முறையாம். 130 வருடமாக இருக்கிற பரிசோதனையைப் பற்றி எனக்கு ஒருவர்கூடச் சொன்னதில்லை.

எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். பிளாஸ்திரி பட்டையில் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் துளியூண்டு. நிக்கல், சிமெண்டில் இருக்கிற குரோமியம், தலைச்சாயத்தில் இருக்கிற பி.பி.டி., வாசனைப் பொருள், ரப்பரில் கலக்கிற ரசாயனங்கள், பார்த்தீனியம் என்று நம் நாட்டுக்கென்று வைத்திருக்கிற வழக்கமான தொகுப்பில் இருபது சொச்சம் இருக்கும். பூண்டு அதில் வராது, அதில் இருக்கிற டைஅல்லைல் டைசல்பைடு என்ற பொருளைத் தனியாகச் சேர்த்து வைத்தார். பச்சைப் பூண்டை அப்படியே ஒட்டினால் வெந்துவிடும் என்பதால் அளவாகக் கலந்த மருந்துதான் வைக்க வேண்டுமாம். மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கக் கூடாது, குனிந்து நிமிர்ந்து கனமான வேலை செய்யக் கூடாது. சித்திரை மாசம் வேறு, விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டாம் ராத்திரி முதுகில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரித்தது. மூன்றாம் நாள் பிரித்துப் பேனாவால் குறி போட்டுப் பார்த்தார், நான்காம் நாள் திரும்ப வரச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். இந்த ஒவ்வாமை நிதானமாக வருவதால் ஒரு தடவை பார்த்தால் தப்பிவிடும். சில நாளுக்கு முன்பிருந்தே ஸ்டீராய்டு மாத்திரையும் முதுகில் தடவும் களிம்பும் நிறுத்தியிருக்க வேண்டும், எதை நிறுத்தலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டு இடம் சிவந்திருந்தது. ஒன்று நிக்கல். நான் உடனே, அப்போ என் கவரிங் வளையல்தான் காரணமா என்று கேட்டேன். வளையல் போடுகிற மணிக்கட்டில் ஒன்றும் இல்லையே, விரல் நுனிக்கு எப்படி வரும் என்று திருப்பிக் கேட்டார். கவரிங் கம்மல் போட்டால் காதில் நீர் வடிகிறதே, அதற்கு நிக்கல் காரணம், விரலுக்கு அது இல்லை. பரிசோதனையில் வருவதையும் நாம் செய்கிற வேலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும், தாளை மட்டும் பார்த்தால் தெரியாது என்றார். இரண்டாவது இடம் பூண்டு. நான்காம் நாள் அதில் கடுகு கடுகாகச் சின்னக் கொப்புளமே வந்திருந்தது.

சின்ன வயசிலிருந்து பூண்டு உரிக்கிறேனே, இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எப்படி என்று கேட்டேன். அப்படித்தான் வருமாம். பல வருடம் தொட்டுத் தொட்டு ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் விடாது. கையுறை விஷயத்துக்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. அந்த டைஅல்லைல் டைசல்பைடு மெல்லிய ரப்பர் கையுறையை ஊடுருவிப் போய்விடுமாம். நான் கையுறை போட்டு உரித்த இரண்டு மாதமும் சாறு விரலில் பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஒரு பொருள் காரணமா இல்லையா என்று பார்க்க வேண்டுமென்றால் அதை அடியோடு விட்டுவிட்டு, மூன்று நான்கு வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், அரைகுறையாக விலகிப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

பூண்டை நான் விட்டுவிட்டேன். இப்போது பூண்டு உரிப்பது என் நாத்தனார், நான் எலுமிச்சையும் நார்த்தங்காயும் பார்த்துக்கொள்கிறேன், கணக்கும் நானே. வருமானம் கொஞ்சம் பிரிந்து போகிறது, உண்மைதான். சமைத்த பூண்டைச் சாப்பிட வேண்டாம் என்று எனக்கு அவர் சொல்லவில்லை. கத்தரிக்காயும் கருவாடும் திரும்ப வந்துவிட்டன. டாக்டர் கொடுத்த களிம்பைக் கணக்காக இரண்டு வாரம், அதற்கு மேல் வெறும் வாசலின். வெடிப்பு மூட ஒரு மாதம் ஆனது, தோல் பழையபடி ஆக மூன்று மாதம் பிடித்தது. ரேஷன் கடையில் வலது கட்டைவிரலை வைத்தேன், முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. கடைக்காரத் தம்பியே நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கப்புறம் யார் அரிப்பு என்றாலும் எங்கே, எந்தப் பக்கம், என்ன வேலை, எப்போது குறைகிறது என்று கேட்காமல் விடுவதில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு நெற்றியோரமும் காதும் கண் இமையும் வீங்கி வந்தது. ஒவ்வொரு தடவையும் தலைக்குச் சாயம் போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோதான். தலையில் போடுவது தலையில் வராமல் இமையில் வருவதால் அவர் சாயத்தைச் சந்தேகப்படவே இல்லை. தெரிந்த பெண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் அரித்து அரித்து வெள்ளையாகிவிட்டது, அந்தப் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் நிறத்தையே எடுத்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரித்தால் அது பெரும்பாலும் சிரங்கு, அதற்கு அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். அதற்குக் களிம்பு தடவி நாளைக் கடத்துவது ஆபத்து.

கொத்தனார் வேலைக்காரர்களை நினைத்தால்தான் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. சிமெண்டில் இருக்கிற குரோமியத்தால் கை கால் வெடித்துப் போகிறவர்கள் எங்கள் பக்கமே எத்தனை பேர். டென்மார்க்கில் 1981லேயே சிமெண்டில் ஃபெரஸ் சல்பேட் கலந்து அந்தக் குரோமியத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள், கட்டட வேலைக்காரர்களுக்கு இந்த ஒவ்வாமை அங்கே நன்றாகக் குறைந்தது. 2005இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரு கிலோ சிமெண்டில் 2 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று சட்டம். நம் ஆட்கள் கையுறைகூட இல்லாமல் வெறுங்கையால் கலவையை அள்ளுகிறார்கள், ராத்திரி அதே டியூபைத் தடவிக்கொண்டு படுக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தெந்த அரசு மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் எடுக்கிறார்கள், எந்தக் கிழமையில் ஒட்டுகிறார்கள், யாரைக் கேட்க வேண்டும் என்று மாவட்ட வாரியாக விசாரித்து உங்கள் நாளிதழில் போடுங்கள். இல்லாத மாவட்டத்தை இல்லை என்றே போடுங்கள், அப்போதுதான் சுகாதாரத் துறை கண்ணில் படும். ஒட்ட ஒரு நாள், பிரிக்க ஒரு நாள், திரும்பப் பார்க்க ஒரு நாள் என்று மூன்று தடவை வர வேண்டிய பரிசோதனை இது. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்குத் தூரத்து ஊர் என்றால் மூன்று நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும், அதனாலேயே வர மாட்டார்கள்.

எங்கள் அடுத்த தெருவில் பூண்டு ஆய்கிற அக்கா ஒருவருக்கு இடது கையில் அதே மூன்று விரல் வெடித்திருக்கிறது. மதுரைக்கு மூன்று தடவை போக அவரால் முடியாது, போன மாதமும் டியூப்தான் வாங்கியிருக்கிறார். நீங்கள் பட்டியல் போட்டால் அதை வெட்டி எடுத்துக்கொண்டு அவரை நானே கூட்டிப்போவேன்.

இப்படிக்கு,
ஊறுகாய் போடும் ஒரு வாசகி,
பெரியகுளம் வட்டம், தேனி மாவட்டம்.